நேப்பிள்ஸில் கப்பல் நிற்கும் ஒரே பகல்: சொரெண்டோவுக்குச் சொந்தமாகப் போய் வரலாமா?

நெய்தல்:

ஜூனில் ஏழு இரவு மத்தியதரைக்கடல் க்ரூஸ். பார்சிலோனாவில் ஏறி அங்கேயே இறங்குகிறோம். வியாழக்கிழமை நேப்பிள்ஸ். காலை 7 மணிக்குக் கப்பல் கரை கட்டும், மாலை 7க்குக் கிளம்பும். 6.30க்குள் எல்லோரும் கப்பலுக்குள் இருக்க வேண்டும் என்று அட்டவணையில் போட்டிருக்கிறது. மறுநாள் ரோமுக்கான துறைமுகமான சிவிட்டாவெக்கியா.

நாங்கள் நான்கு பேர். அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் தேய்மானம். சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் நடப்பார், படி என்றால் நின்று நின்றுதான். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது.

பக்கத்துக் கடலோர ஊரான சொரெண்டோவுக்குக் கப்பலில் விற்கும் டூரில் பாம்பெய் இடிபாடுகள், மதியச் சாப்பாடு, மரவேலைக் கடை என்று ஒன்பது மணி நேரத்தை அடைத்து வைத்திருக்கிறார்கள். பாம்பெய் இந்த முறை வேண்டாம். சொரெண்டோவில் நிதானமாக நான்கைந்து மணி நேரம் இருந்தால் போதும். படகில் போவதா, ரயிலிலா? முடிந்தால் அதற்கு அப்பால் உள்ள பொசிட்டானோ ஊரையும் எட்டிப் பார்க்கலாமா? நேரத்துக்குத் திரும்ப முடியாமல் கப்பல் போய்விட்டால் என்ன ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கலங்கரை:

தாராளமாகப் போகலாம். 6.30 என்பதை மறந்துவிடுங்கள். உங்கள் கடைசி நேரம் 5 மணி. அதற்குள் கப்பல் துறைமுக வாசலுக்கு வந்துவிட வேண்டும் என்று வைத்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் எல்லாம் தானாகத் தெளிவாகிவிடும்.

முதலில் போகும் வழி. க்ரூஸ் கப்பல்கள் கட்டும் இடம் ஸ்தாட்சியோனே மரித்திமா. கட்டடத்தை விட்டு ஊரைப் பார்த்தபடி வெளியே வந்தால், உருண்டைக் கோபுரங்களோடு ஒரு பழைய கோட்டை எதிரே நிற்கும். அதுதான் கஸ்தெல் நுவோவோ. இடது பக்கம் திரும்பி நீரோரமாக ஐந்து முதல் பத்து நிமிடம் நடந்தால் மோலோ பெவரெல்லோ. சொரெண்டோவுக்கான அதிவேகப் படகுகள் அங்கிருந்துதான் கிளம்பும். முழுக்கச் சமதளம், அப்பாவுக்குக் கஷ்டம் இருக்காது. இங்கே ஒரு குழப்பம் வரும். காலாத்தா போர்த்தா தி மாஸ்ஸா என்று இன்னொரு படகுத்துறை கிழக்குப் பக்கம் தள்ளி இருக்கிறது. கார் ஏற்றும் பெரிய ஃபெர்ரிகள் அங்கிருந்து போகும். யாரிடம் வழி கேட்டாலும் வெறும் ‘ஃபெர்ரி’ என்று கேட்காமல் ‘பெவரெல்லோ’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பெவரெல்லோவில் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி கவுன்டர். காலையில் நீளமாக நிற்கும் வரிசை பெரும்பாலும் காப்ரித் தீவுக்கானது. அதன் வாலில் போய் நின்றுவிட்டால் அரை மணி நேரம் வீண். தலைக்கு மேல் இருக்கும் பலகையில் சொரெண்டோ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நில்லுங்கள். ஒரு வழிக் கட்டணம் ஆளுக்கு 15 முதல் 20 யூரோ அளவில். பயணம் 40 நிமிடம் முன்பின்.

படகுகள் பஸ் மாதிரி பத்து நிமிடத்துக்கு ஒன்று கிடையாது. நாளைக்கு ஐந்தாறுதான், இடையில் இரண்டு மணி நேர இடைவெளி சாதாரணம். காலையில் 9ஐ ஒட்டி ஒன்று, 11ஐ ஒட்டி ஒன்று; திரும்பும் பக்கம் மதியம் 2ஐ ஒட்டி ஒன்று, 4.30ஐ ஒட்டி ஒன்று என்ற மாதிரி அமையும். பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் உங்கள் தேதிக்கான அட்டவணையைப் பயணத்துக்கு முந்தைய வாரம் பாருங்கள்.

இனி கணக்கு. காலை 9 மணிப் படகைப் பிடித்தால் 9.45க்குச் சொரெண்டோ. மதியம் 2 மணிப் படகில் திரும்பினால் 2.45க்கு நேப்பிள்ஸ், கையில் நான்கு மணி நேரம் சொரெண்டோ கிடைத்திருக்கும். அந்த 2 மணிப் படகு காற்றினால் ரத்தானது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மணி வாக்கில் ரயில் ஏறினால் 4.15க்கு நேப்பிள்ஸ் கரிபால்டி நிலையம், 4.45க்குக் கப்பல். ஒரு வழி அடைபட்டாலும் இன்னொன்று திறந்திருக்கிறது. அதற்குப் பதில் நீங்கள் ‘இன்னும் கொஞ்சம் இருக்கலாமே’ என்று 4.30 படகை நம்பி உட்கார்ந்திருந்து, அது ரத்தானால்? 5 மணி ரயில், 6.10க்குக் கரிபால்டி, அங்கிருந்து மாலை நெரிசலில் டாக்ஸி. 6.30ஐத் தொடுவதே சந்தேகம். எந்தப் படகை எடுப்பது என்பதை, அது வராவிட்டால் ரயில் உங்களைக் காப்பாற்றுமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

சொரெண்டோவில் இறங்கிய கையோடு, மேலே ஊருக்கு ஏறும் முன்பே, திரும்பும் படகுக்கான டிக்கெட்டை வாங்கிவிடுங்கள். கவுன்டர் கீழே படகுத்துறையில் இருக்கிறது, ஊர் செங்குத்தான பாறைக்கு மேலே. ஜூனில் மதியப் படகுகள் நிரம்புவது உண்டு.

ஒரு விஷயம் கூடுதலாக. கப்பல் 7க்குக் கட்டினாலும் உடனே இறங்க விட மாட்டார்கள். அனுமதி வந்து, டூர் கும்பல்கள் இறங்கி, படிக்கட்டு காலியாக 8 ஆகிவிடும். 8.15க்குக் கட்டடத்தை விட்டு வெளியே இருந்தால் 9 மணிப் படகுக்குப் பதறாமல் போய்ச் சேரலாம்.

தண்டவாளம்:

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் ரயில் ஏதோ கடைசிப் புகலிடம் என்கிற தொனி எனக்கு ஒப்பவில்லை. சர்க்கும்வெசுவியானா என்பது அதன் பெயர், வெசூவியஸ் எரிமலையைச் சுற்றி ஓடுவதால். அரை மணிக்கு ஒன்று உண்டு, கட்டணம் 5 யூரோவுக்குள், கடல் கொந்தளித்தாலும் ஓடும். 70 நிமிடம் ஆகும். முப்பதுக்கும் மேற்பட்ட நிறுத்தங்கள், பழைய பெட்டிகள், பலவற்றில் ஏசி கிடையாது. ஜூன் மதியத்தில் நம்மூர் கோடைப் பாசஞ்சர் ரயில் மாதிரிதான்.

நான்கு பேரும் உட்கார்ந்து போக வேண்டும் என்றால் கரிபால்டியில் ஏறாதீர்கள். வண்டி புறப்படுவது அதற்கு முந்தைய நிலையமான போர்த்தா நோலானாவில். பெரிய ரயில் நிலையத்திலிருந்து வரும் கூட்டம் முழுக்கக் கரிபால்டியில்தான் ஏறும், அதற்குள் நீங்கள் ஜன்னல் ஓரம் பிடித்திருப்பீர்கள். துறைமுகத்திலிருந்து போர்த்தா நோலானாவுக்கு டாக்ஸியே உத்தமம். ஏறும் முன் ‘தாரிஃபா பிரெதெத்தெர்மினாத்தா’ என்று கேளுங்கள். நகராட்சி நிர்ணயித்த நிலையான கட்டணம் அது. வண்டி நகர்ந்த பிறகு கேட்டால் மீட்டர்தான்.

மெட்ரோவில் போவதானால் துறைமுகத்துக்கு எதிரே முனிச்சிப்பியோ நிலையம், லைன் 1. மூன்றாவது நிறுத்தம் கரிபால்டி. ஆனால் அங்கே நகரும் படிகள் ஆழமாக இறங்கி ஏறும், ஒன்று நின்று போயிருந்தால் முழங்கால்காரருக்குச் சோதனை.

ஒரே பிளாட்ஃபார்மில் வேறு ஊர் வண்டிகளும் வரும். வண்டியின் நெற்றியில் ‘சொரெண்டோ’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். போஜ்ஜோமரினோ என்று இருந்தால் அது வேறு தடம், பாம்பெய் நகருக்கே போனாலும் இடிபாடுகள் இருக்கும் பக்கம் போகாது. சொரெண்டோ கடைசி நிலையம், தூங்கிப்போனாலும் தாண்டிவிட முடியாது. திரும்பும்போது அதே காரணத்தால் உங்களுக்கு முழுசாக இடம் கிடைக்கும்.

இந்த ரயிலில் பிக்பாக்கெட் உண்டு என்பது உண்மைதான். கரிபால்டியில் கதவு மூடப்போகும் கடைசிப் பத்து விநாடியில்தான் வேலை நடக்கும்: வாசலில் திடீரென்று இருவர் தடுமாறுவார்கள், பின்னால் ஒருவர் நெருக்குவார், கதவு மூடும்போது மூவரும் வெளியே இருப்பார்கள். வாசல் பக்கம் நிற்காதீர்கள், பர்ஸ் முன்பக்கம்.

வேலைநிறுத்தத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இத்தாலியில் ‘ஷோப்பெரோ’ முன்கூட்டியே அறிவித்துத்தான் நடக்கும். தேதியும் மணியும் போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்திலேயே இருக்கும். அன்றைக்கும் காலையிலும் பிற்பகலிலும் சில மணி நேரம் உத்தரவாத வண்டிகள் ஓடும். ஆனால் உங்கள் கப்பல் மணிக்கு அது பொருந்த வேண்டுமே. ரயில் வேலைநிறுத்த நாள் என்றால் கலங்கரை சொன்ன மாற்று வழி இல்லாமல் போகிறது. அன்றைக்குக் கப்பல் டூரோ, டிரைவரோடு வண்டியோ எடுத்துவிடுங்கள். சாலைத் தூரம் சுமார் 50 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம் வையுங்கள். காஸ்தெல்லம்மாரேவைத் தாண்டியதும் மலையை ஒட்டி ஒற்றைச் சாலை, அங்கே ஒரு வண்டி நின்றாலும் பின்னால் எல்லாம் நிற்கும்.

பாறைவிளிம்பு:

போக்குவரத்தை இரண்டு பேரும் அலசிவிட்டீர்கள். ஊருக்குள் என்ன செய்வது என்று நான் சொல்கிறேன், முழங்காலை மனதில் வைத்து.

சொரெண்டோ கடல் மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டர் உயரத்தில், எரிமலைச் சாம்பல் இறுகிய பாறையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. படகு நிற்பது அடியில், மரீனா பிக்கோலா. பிக்கோலா என்றால் சின்னது, ஆனால் பெரிய துறைமுகம் அதுதான். மரீனா கிராண்டே, அதாவது பெரியது, ஒரு குட்டி மீனவர் குப்பம். பெயரை நம்பி இடம் மாறிப் போகிறவர்கள் தினமும் உண்டு.

கீழிருந்து மேலே போக மூன்று வழி. படிக்கட்டு வேண்டவே வேண்டாம், செங்குத்து. சின்ன நகரப் பேருந்து ஊர் நடுவிலுள்ள பியாத்ஸா டாஸ்ஸோ சதுக்கம் வரை ஏற்றிவிடும், டிக்கெட் வெள்ளை ‘T’ எழுத்துப் பலகை தொங்கும் கடைகளில். மூன்றாவது லிஃப்ட். படகுத்துறையிலிருந்து பாறையின் அடியை ஒட்டி மேற்கே ஐந்து நிமிடம் நடந்தால் பாறையைக் குடைந்த வாசல் தெரியும். ஒன்றிரண்டு யூரோதான். போக வர சேர்த்தே வாங்கிவிடலாம். கதவு திறந்ததும் நீங்கள் நிற்கும் இடம் வில்லா கொமுனாலே பூங்கா: கம்பிக் கைப்பிடி, அதற்குக் கீழே நேராகக் கடல், எதிரே வளைகுடாவுக்கு அப்பால் வெசூவியஸ். இந்த ஊரில் பார்க்க வேண்டிய முக்கியமான காட்சி இதுவே. அப்பாவுக்கு நிழலில் பெஞ்சு கிடைக்கும்.

பூங்காவை ஒட்டியே புனித பிரான்சிஸ் மடத்தின் முற்றம், 14ஆம் நூற்றாண்டு. சுற்றிலும் வளைவுகள் இருக்கின்றன அல்லவா, அவற்றை உற்றுப் பாருங்கள். ஒரு பக்கத்து வளைவுகள் ஒன்றோடொன்று பின்னிக் கொள்ளும், இன்னொரு பக்கம் சாதாரண அரைவட்டம். அங்கிருந்து பியாத்ஸா டாஸ்ஸோ ஐந்து நிமிடம். 1544ல் இந்த ஊரில் பிறந்த கவிஞர் தொர்க்குவாத்தோ டாஸ்ஸோ பெயரில் உள்ள சதுக்கம்.

சதுக்கத்துக்குப் பின்னால் வியா ஃபுவோரிமுரா சாலையில் கொஞ்சம் போய் கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பாருங்கள். திடீரென்று பூமி பிளந்து ஆழத்தில் ஒரு பாழடைந்த மாவு மில், கூரை போய், ஜன்னல் வழியாகப் பெரணி முளைத்து நிற்கும். ஓடை கடலுக்குப் போகும் வாயை அடைத்துத்தான் 19ஆம் நூற்றாண்டில் சதுக்கத்தைக் கட்டினார்கள். காற்றோட்டம் நின்று ஈரம் தேங்க, மில்லைக் கைவிட்டுவிட்டார்கள். கட்டணம் இல்லை, இறங்கவும் வேண்டாம், மேலிருந்தே தெரியும்.

கடைத்தெரு வியா சான் செசாரியோ. அகலம் நம் கைகளை விரித்தால் கொஞ்சம் மிச்சம். கல் பாவிய தரை, மேடுபள்ளம் அதிகமில்லை. 11 முதல் 1 வரை டூர் கும்பல்கள் கொடிகளைத் தூக்கிக்கொண்டு இதற்குள் நுழையும். நீங்கள் 10 மணிக்கே முதலில் இதை முடித்துவிட்டுப் பூங்காவைப் பிற்பாடு வைத்துக்கொண்டாலும் நல்லது. நடுவில் செதிலே தொமினோவா என்ற திறந்த மண்டபம் வரும், உள்ளே சுவரோவியம் நிறைந்த குவிமாடம். பிரபுக்கள் கூடிய இடத்தில் இப்போது உள்ளூர்ப் பெரியவர்கள் சீட்டாடுவார்கள்.

மரப்பதிப்பு வேலை, தார்சியா என்பார்கள், இந்த ஊரின் கைத்தொழில். கப்பல் டூரில் கூட்டிப்போகும் கடையிலேயே வாங்க வேண்டும் என்பதில்லை. நிஜமானதையும் படம் ஒட்டியதையும் பிரிக்க எளிய வழி: பெட்டியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பதித்த துண்டுகளில் ஒவ்வொன்றின் மர ரேகையும் ஒவ்வொரு திசையில் ஓடும், பளபளப்பும் துண்டுக்குத் துண்டு மாறும். ஒட்டிய படத்தில் எல்லாம் ஒரே சீராக மின்னும்.

கடலில் குளிக்கிற யோசனை இருந்தால் முன்பே சொல்லிவிடுகிறேன், மணற்கரை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கடலுக்குள் நீட்டிய மரத்தளங்களில் சாய்நாற்காலி வாடகைக்கு எடுத்துப் படுப்பார்கள், நான்கு மணி நேரத்துக்கு அது கட்டுப்படியாகாது.

வளைவுச்சாலை:

பொசிட்டானோ: வேண்டாம். சொரெண்டோ ரயில் நிலைய வாசலிலிருந்து சீத்தா கம்பெனி பஸ், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. போவது பிரச்சினையில்லை, இடம் கிடைத்தால் நல்ல காட்சி. திரும்புவதுதான் விவகாரம். அந்த பஸ் அமால்ஃபியிலிருந்து நிரம்பி வருகிறது. பொசிட்டானோ நிறுத்தத்தில் டிரைவர் கையை விரித்துவிட்டு நிறுத்தாமலே போவார், அடுத்ததும் அப்படியே. கப்பல் மணிக்குக் கட்டுப்பட்டவர்களுக்கு இது ஆகாது. அதுவும் போக, அந்த ஊரே ஒரு படிக்கட்டு. பஸ் நிறுத்தம் உச்சியில், கடற்கரை அடியில். அப்பாவுக்கு இறங்குவதும் கஷ்டம், ஏறுவதும் கஷ்டம்.

நெய்தல்:

எல்லோருக்கும் நன்றி, பொசிட்டானோவை அடித்துவிட்டேன். இரண்டு விஷயம் மிச்சம். ஒன்று அம்மாவின் சாப்பாடு. இன்னொன்று கப்பல் போய்விட்டால் பாஸ்போர்ட், விசா நிலைமை. கப்பலில் ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்கிறார்களே, அப்படியானால் கரையில் கையில் என்ன இருக்கும்?

பர்சர்மேசை:

கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். வாங்கி வைத்துக்கொண்டால் கையில் கப்பல் அட்டையும் பாஸ்போர்ட்டின் நகலும் போதும். முகப்புப் பக்கத்தையும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா ஒட்டிய பக்கத்தையும் தாளில் எடுத்து ஆளாளுக்குத் தனித்தனியாகக் கொடுங்கள், நான்கையும் ஒரே பையில் வைக்காதீர்கள். கைபேசிப் படம் கூடுதலாக இருக்கட்டும்.

நேரத்துக்குள் நான்கு பேர் ஏறவில்லை என்பது வாசலில் அட்டையைத் தேய்க்கும் கணக்கிலிருந்து உடனே தெரியும். அறையின் லாக்கரைத் திறந்து பாஸ்போர்ட் இருந்தால் எடுத்துக் கரையில் இருக்கும் துறைமுக ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புவது பொதுவான வழக்கம். அந்த ஏஜென்டின் தொலைபேசி எண் தினமும் அறைக்கு வரும் தாளில், அல்லது கப்பல் செயலியில், ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். இறங்கும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாமதமாகும் என்று தெரிந்தவுடன் அந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். கப்பல் போன பிறகு கூப்பிட்டு அவர் என்ன செய்வார்?

கப்பலே விற்ற டூர் தாமதமானால் காத்திருப்பார்கள், இல்லையென்றால் அவர்கள் செலவில் அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டு சேர்ப்பார்கள். சொந்தமாகப் போனவர்களுக்கு இரண்டும் கிடையாது. ஆனால் உங்கள் விஷயத்தில் அடுத்த துறைமுகம் சிவிட்டாவெக்கியா என்பது பெரிய அதிர்ஷ்டம். நேப்பிள்ஸ் சென்ட்ரலேயிலிருந்து ரோம் தெர்மினிக்கு வேக ரயில் ஒன்றேகால் மணிக்குள், அங்கிருந்து சிவிட்டாவெக்கியாவுக்கு இன்னொரு ரயில் ஒரு மணி நேரம் அளவில். செலவும் ஒரு ராத்திரி அலைச்சலும்தான் நஷ்டம், விடிந்தால் கப்பலில் ஏறிவிடலாம். அடுத்த நாள் சிசிலித் தீவின் பலேர்மோவோ, கரையே தொடாத கடல் நாளோ என்றிருந்தால் உங்களுக்கு நானே கப்பல் டூரைத்தான் சொல்லியிருப்பேன்.

விசா: எல்லாத் துறைமுகமும் ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலிக்குள் என்றால் ஒற்றை நுழைவே சமாளிக்கும். வழியில் வட ஆப்பிரிக்காவின் துனிஸ் மாதிரி ஷெங்கனுக்கு வெளியே ஒரு நாள் இருந்தால் அங்கேயே நீங்கள் வெளியேறியதாகிவிடும், பல நுழைவு விசா கட்டாயம். விண்ணப்பத்தோடு கப்பல் பயணத் தாளை முழுதாக இணையுங்கள்.

இன்னும் இரண்டு. கைபேசி மணியை நம்ப வேண்டாம். கப்பல் நேரம் என்று ஒன்று உண்டு. இத்தாலி, ஸ்பெயின் ஒரே மணி என்பதால் இந்தப் பயணத்தில் வித்தியாசம் வராது, ஆனால் கிரேக்கம் தொடும் பயணங்களில் ஒரு மணி நேரம் முன்னால் போகும், அங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். வாசலில் மாட்டியிருக்கும் பலகையில் போட்ட நேரமே கடைசிச் சொல். அடுத்து, கரையை விட்டதும் கைபேசியை விமான நிலையில் போடுங்கள். கடலில் கப்பலின் சொந்த செல்போன் கோபுரத்தோடு அது தானாக ஒட்டிக்கொள்ளும், சாதாரண ரோமிங் பேக்கில் அது சேராது, பில் எக்கச்சக்கமாக ஏறும்.

எலுமிச்சை:

சாப்பாட்டுக்கு வருகிறேன். சொரெண்டோவின் பெயர் சொல்லும் பதார்த்தமே சைவம்தான்: ஞொக்கி அல்லா சொரெண்டீனா. உருளைக்கிழங்கை மசித்து மாவோடு பிசைந்து விரல் நுனி அளவு உருட்டி வேகவைத்து, தக்காளிச் சாறும் பாலாடைக்கட்டியும் துளசி இனத்து இலையும் போட்டு மண்சட்டியில் சுட்டுத் தருவார்கள். ஒரே இடறல், சில சமையலறைகளில் மாவு சேர முட்டை போடுவார்கள். ‘சென்சா உவோவா?’ என்று கேளுங்கள், முட்டை இல்லாமலா என்று அர்த்தம். இறைச்சிக்கு ‘சென்சா கார்னே’, மீனுக்கு ‘சென்சா பெஷே’. வெறும் வெஜிடேரியன் என்றால் சிலருக்கு மீன் சேர்த்திதான், அதனால் மூன்றையும் தனித்தனியாகக் கேட்பது நல்லது.

பாலாடைக்கட்டி உறைய வைக்கக் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்று நொதியைப் பயன்படுத்துவது அங்கே வழக்கம். பர்மெசானும் இந்தப் பக்கத்து மலைப் பாலாடைக்கட்டியான புரொவொலோனே தெல் மோனகோவும் அந்த வகை. அம்மா அது வரைக்கும் பார்ப்பவர் என்றால் பீட்ஸா மரினாரா கேளுங்கள்: தக்காளி, பூண்டு, ஒரேகானோ, எண்ணெய், அவ்வளவே. பெயரில் கடல் இருந்தாலும் மீன் கிடையாது, பாலாடைக்கட்டியும் கிடையாது.

யாரும் எதிர்பார்க்காத இடத்தில் பன்றிக் கொழுப்பு வரும். மிளகு போட்டு முறுக்கு மாதிரி சுற்றி வைத்திருக்கும் நேப்பிள்ஸ் தராள்ளி, ‘சூஞ்ஞா எ பேபே’ என்று எழுதியிருக்கும். சூஞ்ஞா என்றால் பன்றிக் கொழுப்புதான். பார்த்தால் நம் கைமுறுக்குக்குத் தங்கச்சி மாதிரி இருப்பதால் நம்மவர்கள் கைநீட்டி வாங்கிவிடுவார்கள். அடுக்கடுக்கான சிப்பி வடிவ இனிப்பு ஸ்ஃபொல்யதெல்லா ரிச்சாவின் இதழ்களுக்கும் பாரம்பரியமாக அதே கொழுப்புதான். எலுமிச்சை கேக் தெலித்சியா அல் லிமோனேயில் முட்டை. அம்மாவுக்குப் பாதுகாப்பான இனிப்பு என்றால் எலுமிச்சை கிரனீத்தா: சாறு, சர்க்கரை, தண்ணீர், துருவிய பனி.

12.30க்கு உட்காருங்கள். 1 மணிக்கு மேல் சதுக்கத்தைச் சுற்றி இடமே இருக்காது, 2 மணிப் படகுக்கும் நேரம் இடிக்கும். பில்லில் ‘கொபெர்த்தோ’ என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ வரும். உட்காரும் கட்டணம் அது, ஏமாற்று இல்லை. காபியை நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் பல இடங்களில் இரண்டு மடங்கு.

இந்த ஊர் எலுமிச்சை நீள்வட்டம், நம் நாட்டு எலுமிச்சையைப் போலப் பல மடங்கு. தோல் தடித்து, நகத்தால் கீறினால் எண்ணெய் கையில் ஒட்டும். கொர்சோ இத்தாலியா தெருவை ஒட்டியே தோப்புகள் இருக்கின்றன, நடந்தே போகலாம். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். மரங்களுக்கு மேல் செஸ்ட்நட் கழிகளால் பந்தல் போட்டு, குளிர்காலத்தில் அதன் மேல் வைக்கோல் தட்டிகளை விரிப்பார்கள். கடல் காற்றும் பனியும் காயைத் தொடாமல் இருக்கவும், பழுப்பதைத் தள்ளிப் போட்டுக் கோடையில் நல்ல விலைக்கு விற்கவும் அந்த ஏற்பாடு.

எலுமிச்சைத் தோலில் செய்யும் மதுவான லிமொன்செல்லோ வாங்குவதானால் தெருவில் சும்மா ஊற்றிக் கொடுக்கும் முதல் கடையிலேயே வாங்கிவிடாதீர்கள். பாட்டிலின் பின்பக்கம் தண்ணீர், ஆல்கஹால், சர்க்கரை, எலுமிச்சைத் தோல் என்று மட்டும் இருக்க வேண்டும், ‘லிமோனே தி சொரெண்டோ ஐஜிபி’ என்ற புவிசார் குறியீடும். திரவம் மங்கலாக, கஞ்சித் தண்ணீரில் மஞ்சள் கலந்தாற்போல் இருந்தால் நல்லது. தோலின் எண்ணெய் தண்ணீரோடு சேரும்போது அப்படித்தான் கலங்கும். கண்ணாடி போலத் தெளிந்து பளீரென்று மஞ்சளாக இருந்தால் அது சாயத்தின் கைங்கரியம். கடைக்காரர் படகு மாதிரியும் கிடார் மாதிரியும் பாட்டில் காட்டுவார், காசு பாட்டிலுக்குத்தான் போகும்.

பர்சர்மேசை:

மேலே சொன்னதில் ஒரு ஒட்டு. கரையில் வாங்கும் மது பாட்டிலைக் கப்பல் வாசலில் ஸ்கேனரில் பார்த்து வாங்கி வைத்துச் சீட்டுக் கொடுப்பார்கள், கடைசி இரவு அறைக்கு வரும். பார்சிலோனாவிலிருந்து விமானத்தில் அது பெட்டிக்குள் போக வேண்டும், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விட மாட்டார்கள். பழத்தோட்டத்தில் கொடுக்கும் எலுமிச்சையைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் வாசலிலேயே குப்பைத் தொட்டிதான். அதேபோல் கப்பல் பஃபேயிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு இறங்கவும் விட மாட்டார்கள். அம்மாவுக்கு வழியில் பசித்தால் கடையில் வாங்கிய, பிரிக்காத பிஸ்கட் பொட்டலம் போதும்.

நெய்தல்:

கடைசியாக ஒன்று. லிஃப்ட் அன்றைக்கு ஓடாவிட்டால்? திரும்பும்போது மேலேயே மாட்டிக்கொண்டால் 2 மணிப் படகு போய்விடுமே.

பாறைவிளிம்பு:

மேலே ஏறியதும் கடைசி லிஃப்ட் எத்தனை மணிக்கு என்று சீட்டு கொடுப்பவரிடமே கேட்டுவிடுங்கள், பருவத்துக்குப் பருவம் மாறும். ஜூனில் பகல் 2க்குப் பிரச்சினை வராது. படகுக்கு 40 நிமிடம் முன்பே பூங்காவுக்கு வந்துவிடுங்கள், வரிசை நீளமாக இருந்தாலோ லிஃப்ட் பழுது என்று பலகை மாட்டியிருந்தாலோ அங்கே நிற்காமல் பியாத்ஸா டாஸ்ஸோவுக்கு நடந்து மரீனா பிக்கோலா பஸ்ஸைப் பிடியுங்கள். பஸ்ஸும் வரவில்லையென்றால் சதுக்கத்திலேயே டாக்ஸி நிற்கும். இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான இறக்கத்துக்கு விலை கொஞ்சம் உறுத்தும், நான்கு பேருக்குப் பகிர்ந்தால் தெரியாது. இறக்கம்தானே என்று அப்பாவைப் படிக்கட்டில் மட்டும் இறக்காதீர்கள், தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் அதிகம் வலிக்கும்.